நாற்பதாம் பக்கத்துக்கு மேல் நம்பாதே

சிவமயம்

குற்றாலம்,
வெகுதானிய வருஷம் வைகாசி 28, சனிக்கிழமை காலை.

சிரஞ்சீவி குமாரத்தி ஆவுடையம்மாளுக்கு அப்பா நாறும்பூநாதன் எழுதுவது.

இந்தக் காகிதம் உன் கைக்குக் கிடைத்த இடத்திலேயே நின்றுகொள். மேலே ஓர் அடி எடுத்து வைக்காதே. க்ஷேமம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

நீ எடுத்துப் போயிருக்கும் என் டைரியில் நாற்பதாம் பக்கம் வரை எழுதியிருப்பது நிஜம். செண்பகாதேவி, தேனருவி, அதற்கு மேலே வழுக்குப்பாறை, எல்லாம் நான் நடந்து பார்த்து எழுதியது. நாற்பத்தொன்றிலிருந்து பொய். நான் வழுக்குப்பாறையைத் தாண்டியதே இல்லை. அதற்கு அப்பால், 'இடது கைப்பக்கம் ஓடையைப் பிடித்து இறங்கினால் மூன்று மணி நேரத்தில் ஆரியங்காவு, குழந்தைகூட நடக்கலாம்' என்று எழுதி வைத்திருக்கிறேனே, அந்த வழியே போகாதே. அந்த ஓடை கால் மைலில் பாறை விளிம்புக்குப் போய் அப்படியே கீழே விழுகிறது. வலது கைப்பக்கம், மூங்கில் புதருக்குள் புகுந்து போவதுதான் வழி. மழையில் அதுவும் வேண்டாம். கூட வந்திருக்கும் உன் சிநேகிதி தங்கபுஷ்பத்தையும் உன்னோடு இருத்திக்கொண்டு ஏதாவது பாறைப் புடைக்குள் ஒதுங்கி இரு. பகலில் புகை போடு. ஆட்கள் வருகிறார்கள்.

இதையே மூன்று பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று மாடன் கையில் மலைக்குப் போகிறது. நான் காட்டிலாகாவில் பாரஸ்டராக இருந்தபோது எனக்கு வாச்சராக இருந்தானே, அதே மாடன்தான். ஒருவேளை நீங்கள் திரும்பி வந்தால் கொடுக்கச் சொல்லி ஒன்று செண்பகாதேவி கோயில் பூசாரியிடம். மூன்றாவதை ஏலக்காய் வியாபாரம் பண்ணும் பீர் மைதீன் அண்ணாச்சி இன்றைய ரயிலில் ஆரியங்காவுக்குக் கொண்டுபோகிறார். மூன்று தடவையும் நான் பொய்யன் என்று என் கையாலேயே எழுதினேன். முதல் தடவை எழுதும்போதுதான் கை கூசியது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன், கேள். புதன்கிழமை நீங்கள் புறப்பட்டீர்கள். வியாழன் மத்தியானமே சாரல் வந்துவிட்டது. வைகாசியில் இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. பெரிய அருவியில் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது, வேரோடு ஒரு மரமும் வந்து விழுந்தது என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஆரியங்காவு ஸ்டேஷனிலிருந்து தந்தி கொடுக்கிறேன் என்றாய். வரவில்லை. இன்று விடிந்ததும் புது ரேஞ்சரைப் போய்ப் பார்த்தேன். ஆளனுப்பச் சொல்லிக் கெஞ்சினால் அவர் சிரிக்கிறார். "எதுக்கு அண்ணாச்சி பதறுதீக? நீங்க போட்ட பாதைல்லா! ராசபாட்டை மாதிரி இருக்கும். சாயங்காலத்துக்குள்ள தந்தி வந்துரும் பாருங்க" என்றார். கூட நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எல்லாரும் என் பொய்யை எடுத்து எனக்கே ஆறுதலாகச் சொல்கிறார்கள், ஆவுடை!

சீசனுக்கு வருகிற பெரிய மனிதர்கள் பத்தொன்பது வருஷமாக அருவிக்கரையில் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட கதை அது. மாசி மகத்துப் பௌர்ணமியில் நான் திரிகூடமலை உச்சியில் நின்றேனாம், ஒரு பக்கம் சிற்றாறு, மறு பக்கம் மலையாளத்துக் காடு, நடுவில் நான் ஒருத்தனாம். நீயும் சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டுக் கேட்டுத்தானே இந்த மலைப் பைத்தியம் பிடித்து அலைகிறாய்? பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவாக இருப்பவள், லீவுக்கு வந்தால் வீட்டில் இருக்கக் கூடாதா?

வேறு வழியில்லை. ரேஞ்சர், ஆட்கள், பக்கத்து வீட்டார், உன் அம்மா எல்லாரும் நிற்கும்போது சொன்னேன். நான் அந்தப் பக்கம் போனதில்லை, டைரியில் எழுதியிருக்கிற வழி சாவுக்குப் போகிற வழி என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. ரேஞ்சர் என் முகத்தைப் பார்க்காமல் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டார். உன் அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "உங்க பவுசுக்கு எம் பிள்ளைதானா கெடச்சா?" என்று கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். பிறகு கோயிலுக்குப் போனவள் இன்னும் வரவில்லை.

நானும் மலைக்கு வருகிறேன் என்றேன். "நீங்க வந்தா உங்களத் தூக்கவா, புள்ளையத் தேடவா எசமான்?" என்றான் மாடன். அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்பது அவனுக்கும் எனக்கும்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்குத்தான் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். இடது பக்கம் என்பது தப்பு என்று எனக்கு ஐந்து வருஷமாகத் தெரியும். நான் அருவிக்கரையில் கதை சொல்லும்போது மாடன் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எல்லாரும் போன பிறகு வந்து, "எடது கைப்பக்கம் போனா ஓடையோட சேந்து நாமளும் விழ வேண்டியதுதான் எசமான். நான் அன்னைக்குச் சொன்னது வலது கைல்லா. நீங்க சொல்லுததக் கேட்டு எவனாவது போயிரப் போறான்" என்றான். யார் போகப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். அத்தனை பேரிடம் இடது என்று சொன்னவன் எப்படி வலது என்று மாற்றிச் சொல்வது? ஒரு பேனாக் கோடு இழுக்க ஐந்து வருஷமாக எனக்குக் கை வரவில்லை.

நீ புறப்படுவதற்கு முதல் நாள், "இந்த வழி சரிதானே அப்பா?" என்று கேட்டாய். நான் நடந்த வழியாச்சே என்றேன். மறுநாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று மறுபடி கேட்டாய். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாய். அப்போதும் சரிதான் போ என்றேன். அட பாவி, பெற்ற பிள்ளையைப் பார்த்து எப்படி எனக்கு அந்த நாக்குப் புரண்டது!

ஏன் போகவில்லை, ஏன் பொய் எழுதினேன் என்று இப்போது கேட்காதே. உயிரோடு வந்து நேரில் கேள். இந்த எழுத்து மழையில் கரைவதற்குள் உன் கண்ணில் படவேண்டும் என்று குற்றாலநாதரிடம் மன்றாடும்,

உன் அப்பா
நாறும்பூநாதன்

---

சிவமயம்

குற்றாலம்,
ஆனி 1.

சிரஞ்சீவி ஆவுடையம்மாளுக்கு, ஆரியங்காவு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு விலாசத்துக்கு.

நேற்றுப் பகல் பீர் மைதீன் அண்ணாச்சி ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குள்கூட வரவில்லை. தெருவிலிருந்தே, "புள்ளைக ரெண்டும் சொகமா இருக்கு ஆச்சி!" என்று சத்தம் போட்டார். உன் அம்மா ஓடிப்போய் அவர் காலில் விழப் பார்த்தாள். அவர் பதறிப்போய் குடையைக் கீழே போட்டுவிட்டார். மழையில் தந்திக் கம்பி அறுந்து கிடந்ததால்தான் உன் தந்தி வரவில்லையாம். நாலு நாளைக்குப் பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது. தங்கபுஷ்பத்துக்குக் கால் சுளுக்குத்தானே, எலும்பு ஒன்றும் இல்லையே? இரண்டு நாள் புடைக்குள் அவலும் கருப்பட்டியும் தின்றுகொண்டு கிடந்தீர்கள் என்று கேட்டதிலிருந்து உன் அம்மா வாயில் சோறு இறங்கவில்லை. மாடனும் ஆட்களும் உங்கள் புகைத் தடத்தைப் பார்த்துவிட்டு இன்று காலைதான் இறங்கி வந்தார்கள். அவன் காலில் அட்டை கடிக்காத இடம் இல்லை.

அதன் பிறகுதான் நீ பென்சிலில் எழுதிக் கொடுத்தனுப்பிய சீட்டைப் பிரித்தேன். பிரித்தவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

'டைரி பொய் என்று எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும் அப்பா' என்று எழுதியிருக்கிறாய். 'உச்சியில் நின்றது மாசி மகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எட்டு வயசில் அம்மை போட்டு, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியது அந்த மாசி மகத்தன்றுதானே? உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஒரே நாளில் இரண்டு இடத்தில் எப்படி இருப்பீர்கள்? எனக்காகத்தான் போகாமல் இருந்தீர்கள் என்று தெரிந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. வழுக்குப்பாறைக்கு மேல் நானே பார்த்துப் பார்த்துத்தான் நடந்தேன். இரண்டு பக்கமும் போய்ப் பார்த்து, இடது வேண்டாம் என்று வலது பக்கமாகவே இறங்கினோம்.'

ஆறு வருஷமாகவா! அப்படியானால் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டது வழியை இல்லை. இப்போதாவது அப்பா நிஜத்தைச் சொல்கிறாரா என்று பார்த்திருக்கிறாய். இரண்டு தடவை வாய்ப்புக் கொடுத்தாய், நான் இரண்டையும் கோட்டை விட்டேன். பெரிய மனிதன் மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

ஆனால் என்னை நல்லவனாக்காதே அம்மா. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பொய்யன் என்று ஊரே பார்த்தது, தாங்கிக்கொண்டேன். நீ எனக்காகச் சொல்லிக்கொண்ட நியாயத்தைத் தாங்க முடியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உனக்கு அம்மை போடுவதற்கு ஒரு மாதம் முன்னால் நான் மாடனோடு வழுக்குப்பாறை வரை போனேன். பாறையின் குறுக்கே பத்து எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். மூன்றாவது எட்டில் கீழே பார்த்துவிட்டேன். கால் இரண்டும் நடுங்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து பாறையைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆமாம், அழுதேன். மாடன்தான் தன் துண்டை என் இடுப்பில் கட்டி, மாட்டைப் பிடித்து வருகிற மாதிரி இழுத்து வந்தான். இன்றுவரை அவன் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. தூக்கவா, தேடவா என்று அவன் கேட்டது அதனால்தான்.

ஆனாலும் இலாகா மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. மாசி முடிவதற்குள் அந்தப் பக்கத்து வழியைப் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். நான் சோறு இறங்காமல் கிடந்தேன். அப்போதுதான் உனக்கு உடம்பெல்லாம் முத்து முத்தாகப் போட்டது. அம்மை இறங்கியிருக்கிற வீட்டிலிருந்து ஆண்பிள்ளை பயணம் போகக் கூடாது என்று உன் அம்மா வாசலில் வேப்பிலையைச் செருகினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பூஜை அறைக்குள் போய் மாரியாத்தாளைக் கும்பிட்டேன். பிள்ளையைக் காப்பாற்று என்று இல்லை. நல்ல வேளைக்கு வந்தாய் தாயே என்று கும்பிட்டேன்.

எழுதிவிட்டேன். இதை எழுதவா இத்தனை வருஷம்! உன் பக்கத்தில் உட்கார்ந்து மாடன் சொல்லச் சொல்ல டைரியை நிரப்பினேன். நடுவில் நீ அனத்துவாய், உன் நெற்றியில் ஈரத் துணியைப் போடுவேன், மறுபடி எழுதுவேன். அந்தக் குழப்பத்தில்தான் வலது இடதாகிப் போனது. மாசி மகத்து நிலா என் சொந்தச் சரக்கு. அதுதான் உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் மூன்றாம் தண்ணீர் ஊற்றும்போது நீ என் விரலைப் பிடித்தாயே, அப்போது நான் மலையை நினைக்கவில்லை. அது மட்டும் நிஜம். நம்பினால் நம்பு.

டைரியில் கடைசிப் பதினோரு தாள் வெறுமையாக இருந்ததே, நீ நடந்த வழியை அதில் எழுதிக்கொண்டு வா. நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் கிழிக்காதே. நான்தான் அதில் கோடு இழுக்க வேண்டும், மையும் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறேன். தங்கபுஷ்பத்தின் கால் சரியானதும் ரயிலில் வந்து சேருங்கள். இரண்டு பேரையும் கண்ணால் பார்த்தால்தான் உன் அம்மா என்னோடு பேசுவாள் போலிருக்கிறது.

புரட்டாசியில் உனக்குப் பூஜை லீவு வரும், மழையும் விட்டிருக்கும். நாம் இரண்டு பேரும் போவோம். மாடனிடம் கேட்டுவிட்டேன், அவனும் வருகிறான், துண்டு கொண்டு வருகிறேன் என்று சிரிக்கிறான். உச்சி எனக்கு வேண்டாம். அந்தப் பத்து எட்டு மட்டும் போதும். எனக்கு ஐம்பத்தொன்பது வயசாகிறது, பாறை நடுவில் நிச்சயம் கால் நடுங்கும், மூன்றாவது எட்டில் அழுதாலும் அழுவேன்.

உனக்கு நூறு வயசு கொடுக்கச் சொல்லி மாரியாத்தாளிடம் கேட்க எனக்கு முகம் இல்லை, உன் அம்மாவைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி. பாறையைத் தாண்டும்போது உன் விரலை மட்டும் கொடு.

உன் அப்பா
நாறும்பூநாதன்