பொன்னுலிங்கம் இரண்டாம் தடவை கயிற்றை விட்ட கதை

ஊர்ப் பள்ளிக்கூட நடைப்படி,
13.4.2011, புதன், மதியம் ஒன்றரை மணி.

அன்பு மகள் தன்யாவுக்கு, உன் சித்தப்பாவும் நாஞ்சில் நாட்டு வடமிழுப்புச் சக்கரவர்த்தியும் தற்சமயம் கைதியுமான கிருஷ்ணமணி எழுதுவது. இங்கே சித்தி தாணம்மாள், உன் அண்ணன் அனில்குமார், கறவை மாடு எல்லாரும் சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும், வைகாசியில் வெளியே வரப்போகிற சின்ன முதலாளியும் சுகமாக இருக்கத் தாணுமாலய சாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவன் இன்றைக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ பயந்துவிடாதே மக்களே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் உன்னிடம் பொய் சொல்லிச் சொல்லி என் நாக்குக்கு அது பழகிவிட்டது, கைக்கு இன்னும் பழகவில்லை, அதனால்தான். விஷு வாழ்த்து அனுப்பச் சொல்லி அனில் முகவரி எழுதி ஸ்டாம்பும் ஒட்டித் தந்த கவர் நாலு நாளாக என் சட்டைப்பையில் கிடக்கிறது. தாள், இங்கே ஏதோ ஒரு பிள்ளை விட்டுப்போன நோட்டில் கிழித்தது.

பொங்கலுக்கு நான் விழுந்த கதை உனக்குத் தெரியும். ஆனால் அனில் போனில் சொன்னது சுருக்கம், வரலாற்றுக்கு அது போதாது. கிளப் வைத்த விளையாட்டுப் போட்டியில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வடமிழுப்பு, கடைசி ஆள் நான். கடைசி ஆள் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடிப்பதுதான் வழக்கம், நான் பெருமைக்கு இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சும் போட்டுக்கொண்டேன். மைதானம் சிறிசு, கயிறு பெரிசு, ஆகவே நான் நின்ற இடம் மைதானத்தை ஒட்டிய பாசனச் சானல் பாலம். நான் இழுத்த இழுப்பில் பேச்சிப்பாறை அணையே ஒரு முழம் தெற்கே நகர்ந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பக்கம் முதல் ஆள் ஆட்டோ ஓட்டுகிற பொன்னுலிங்கம். நான் போட்ட சிங்க கர்ஜனையைக் கேட்டுச் சிரிப்பு அடக்கமுடியாமல் அவன் கயிற்றை விட்டான், அவன் விட்டதும் மொத்தப் பேரும் விட்டார்கள். எங்கள் ஆட்கள் ஏழு பேரும் மல்லாக்க விழ, நான் கைப்பிடிச்சுவர் இடிந்துபோன ஓரம் வழியாகச் சானலுக்குள், படித்துறைக் கல்லின் மேல், இடுப்பில் கயிறோடு. தண்ணீருக்கு அடியில் கிடந்து அந்த முடிச்சை நான் தடவிய கொஞ்ச நேரத்தை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. முடிச்சு அவிழவில்லை மக்களே. கயிற்றைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

பிறகு ஆறு வாரம் காலில் மாவுக்கட்டு. அனில் அவன் கம்ப்யூட்டரில் பந்து விளையாட்டு ஒன்றைப் போட்டுத் தந்தான். கட்டிலில் கிடந்தபடியே கட்டைவிரலால் பிரேசிலைப் பதினாலு கோலில் தோற்கடித்தேன், அங்கே இன்னும் துக்கம் அனுசரிக்கிறார்களாம். அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான், விழுகிறவன் ஒரு உருளு உருண்டு எழுந்து ஓடிவிடுகிறான், அவனுக்குக் கட்டும் இல்லை, விசாரிக்க வரும் சொந்தக்காரர்களும் இல்லை. மாசியில் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கானமேளா நடந்தது, முன்வரிசையில் உட்கார்ந்து பாடகர்களைத் திருத்துகிற நான் மூன்று சுவரைத் தாண்டி வந்த தபேலாவை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அது முடிந்து தேர்தல் வந்தது. ஜன்னலுக்கு நேரே தென்னையில் ஒரு கட்சி ஒலிபெருக்கி, எதிர் மாமரத்தில் இன்னொரு கட்சி, காலை முதல் ராத்திரி பத்து மணிவரை இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டியதில் நம் மாடு கறப்பதை நிறுத்தியது. எழுந்து வெளியே போகலாமே என்று நீ கேட்பாய். இங்கேதான் உண்மையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

கட்டு அவிழ்த்து ஒன்றரை மாதம் ஆகிறது. காலில் ஒரு குறையும் இல்லை, நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். உன் பேறுகாலத்துக்கு மஸ்கட் வரப் பிளேனில் ஏறக்கூடாது என்று அவர் சொன்னதாக உன்னிடம் சொன்னேனே, அது என் சொந்தத் தயாரிப்பு. வீட்டுக்குள் நடக்கிறேன், தொழுவம்வரை போகிறேன், வாசல் தாண்டிப் பாலம் கண்ணில் பட்டதும் கால்முட்டு இரண்டும் வெண்ணெய் ஆகிவிடுகிறது. சானலில் இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கோழி மேய்கிறது, இருந்தும் என் இடுப்பில் அந்தக் கயிறு இறுகுகிறது. ஊரை விட்டு எங்கே போவதென்றாலும் அந்தப் பாலம்தான். வலி என்று சொன்னால் யாரும் எட்டிப் பார்க்க முடியாது, ஆகவே வலி என்கிறேன். சித்தி உன் பேறுகால மருந்துக்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்து டப்பாவில் அடைத்துப் பெட்டிமேல் வைத்து இருபது நாளாகிறது. நேற்று அதைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளை அங்க ஒத்தையில கெடந்து பெறணுமா? நீங்க இல்லாம எனக்குப் பிளேன் ஏறத் தெரியுமா?" என்று கேட்டாள். நான் கால்முட்டைத் தடவிக்கொண்டு முனகினேன். என்னைவிடக் கேடுகெட்டவன் தோவாளைக்கும் குமரிக்கும் நடுவில் இல்லை.

இன்றைக்கு வாக்குப்பதிவு. ஊரில் வேறு யாருக்கும் கிடைக்காத மரியாதை எனக்கு, ஒரு கட்சி ஜீப், ஒரு கட்சி ஆட்டோ, என்னைத் தூக்கிப்போக வாசலில் சண்டை. நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். ஓட்டியவன் பொன்னுலிங்கம். பாலம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன், அவன் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டு, மை வைத்த விரலை மகாராஜா மாதிரி நீட்டியபடி வெளியே வந்தால் அவன் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். "ஆசுபத்திரிக்குக் கட்டு அவுக்க உம்மக் கூட்டிட்டுப் போனது நாந்தானே வேய், டாக்டர் சொன்னத நானும் கேட்டேன்லா? இன்னும் எத்தன நாளு உம்மச் சுமக்கது? பைய நடந்து வாரும்" என்று சொல்லி, நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கயிற்றை விட்டவன், இன்றைக்குச் சிரிக்காமல் விட்டான். அனில் நாலு தடவை போன் பண்ணிவிட்டான், எடுத்தால் பைக்கோடு வந்துவிடுவான் என்று எடுக்கவில்லை. அது ஏன் என்று எனக்கே முதலில் விளங்கவில்லை.

பத்து மணியிலிருந்து இந்த நடைப்படியில் இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம், "என்ன அண்ணாச்சி, காத்து வாங்குதியளா?" என்கிறார்கள், ஆமாம் என்கிறேன். துப்பாக்கியோடு நிற்கும் வடநாட்டு ஜவான் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டான். எனக்குத் தெரிந்த இந்தி மொத்தமும் "நஹி" என்ற ஒரு சொல், அதைச் சொன்னேன். பிறகுதான் அவன் கையில் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். சாயந்தரம் ஐந்துக்கு வாக்குப்பதிவு முடியும், பெட்டியைக் கொண்டுபோக லாரி வரும், அதில் என்னையும் முத்திரை வைத்து எண்ணிக்கைக்கு அனுப்பிவிடுவார்களோ என்னவோ. வீடு இங்கிருந்து மூன்று பர்லாங்கு. நடுவில் அந்தப் பாலம். இவ்வளவு எழுதிய பிறகும் முட்டு ஆடத்தான் செய்கிறது, இல்லை என்று சொன்னால் இந்தக் கடிதமும் போன் மாதிரி ஆகிவிடும்.

இனிமேல் நீ மாடிப்படி அதிகம் ஏறாதே, இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போடாதே, மாப்பிள்ளை சமைத்தால் நன்றாக இருக்கிறது என்று சொல், அந்தப் பொய் பாவமில்லை. நாளைக்கு விஷு, அங்கே கொன்றைப்பூ கிடைக்காது, ஒரு மஞ்சள் துணியையாவது கண்ணாடி முன்னால் வைத்து விடியலில் கனி பார். நீயும் வயிற்றில் இருக்கிறவரும் ஒரு குறையுமில்லாமல் நூறு விஷு காண வேண்டும். ஒரே ஒரு காரியத்தை மறக்காதே மக்களே. நம் ஊருக்கு ஒரு தபால்பெட்டிதான், பாலத்துக்கு அந்தப் பக்கம், நம் வீட்டுப் பக்கத்து ரேஷன் கடைச் சுவரில். இந்தக் கவரை நான் யார் கையிலும் கொடுத்துவிடப் போவதில்லை. இது உன் கைக்கு வந்து சேர்ந்தால் டிக்கெட் இரண்டாகப் போடு, சித்திக்கு ஜன்னல் பக்கம்.

உன் சித்தப்பா,
கிருஷ்ணமணி