யாரை நம்பி ஒப்படைப்பது

ஜூன் 9, 2025, திங்கள். சித்தூர்

நோட்டரி ஆபீஸில் இன்று நல்ல கூட்டம். பதினேழு அஃபிடவிட் அடித்தேன். சாயந்திரம் என் வீட்டுக்காரர் மோகன்ராஜ் பங்காருபாளையத்து மாம்பழக்கூழ் ஃபாக்டரியிலிருந்து அந்த வாசனையோடு வந்தார். சீசன் முடிகிறவரை சட்டையில் அது போகாது.

திருப்பதி டாக்டரம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். வாடகைத் தாய்க்கு ஏஜென்சி என்று சட்டத்தில் ஒன்று கிடையாதாம். காசுக்குச் சுமக்கக் கூடாது. மனசார முன்வருகிற பெண்ணை நாமே தேட வேண்டும். அவளுக்குச் சொந்தப் பிள்ளை இருக்க வேண்டும். அதற்குமேல் சர்க்கார் போர்டின் அனுமதி, கோர்ட் உத்தரவு. "வருஷக்கணக்காகலாம். கிடைக்காமலும் போகலாம். யாராவது 'எல்லாம் நாங்க பாத்துக்கறோம்'னு சொன்னா எழுந்து வந்துடுங்க" என்றார்.

எங்கே தேடுவேன்? எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. இவர் தங்கை ஹரிதாவைக் கேட்டாயிற்று. "அண்ணி, வேற எது வேணா கேளுங்க" என்று அழுதுவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கென்ன உரிமை?

ஜூன் 15, ஞாயிறு

இன்றோடு இரண்டு வருடம். அன்று பிள்ளையும் போனது, கர்ப்பப்பையும் போனது. முகத்தைக்கூட யாரும் காட்டவில்லை. மிச்சம் இருப்பது டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் உறையவைத்த இரண்டு கரு. இனிமேல் என்னிடம் கருமுட்டை எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். இரண்டே இரண்டு.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டரம்மா பேச்சை மீறி மூன்று ஏஜென்சியிடம் பேசினேன். சென்னைக்காரன், "பொண்ணு செவப்பா வேணுமா மேடம்?" என்றான். கரு எங்களுடையது, அவள் சிவப்பாக இருந்தால் எனக்கென்ன, கருப்பாக இருந்தால் எனக்கென்ன? தூ! இரண்டாவது ஆள் பெயரைச் சொல்லும் முன்பே முன்பணம் கேட்டான்.

மூன்றாவது, திருப்பதியில் அலிபிரி போகும் ரோட்டில். நேரில் போனோம். நடத்துகிறவள் பெயர் ரக்ஷிதா. ஃபைலைத் திறந்து காட்டினாள். பதிவு எண், முத்திரை, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. பதினாலு வருஷமாகப் பேப்பர் பார்க்கிறவள் நான். அவ்வளவு சுத்தமான வேலையைச் சித்தூர் கோர்ட்டில்கூடப் பார்த்ததில்லை.

பஸ்ஸில் இவர் சொன்னார்: "இன்னா கேட்டாலும் டக்குனு பதில் சொல்றா. டாக்டரம்மாவாவது 'தெரியல'ன்னாங்க. எனக்கு இன்னாவோ பயமா கீது, வேணி."

"உங்களுக்கு எதுதான் பயமா இல்ல?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

தரணியைக் காட்டினாள் ரக்ஷிதா. சத்தியவேடு பக்கம், இருபத்தெட்டு வயது, ஒரு பையன். நான் கேட்டதற்கெல்லாம் ரக்ஷிதாவே பதில் சொன்னாள். "உனக்குச் சம்மதமாம்மா?" என்று தரணியையே கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "மேடம் சொல்லிக்கீறாங்கக்கா. நேரமாவுது, புள்ள இஸ்கூல் உட்டு வந்துருவான்" என்றாள்.

காசுக்குச் சுமக்கவில்லை என்று போர்டுக்குக் காட்ட, அவள் என் பெரியம்மா மகள் என்று அஃபிடவிட் கொடுக்க வேண்டுமாம். பொய்ச் சத்தியம். சரி என்றேன். அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட எனக்கு ஆகவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ரக்ஷிதாவுக்குப் பணம் கட்டி, கருக்களை டாக்டரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து அவள் இடத்துக்கு மாற்றியாயிற்று. பால் கேன் மாதிரி ஒன்று, மூடியைத் திறந்தால் புகை. கொண்டுபோக அனுமதிக் கடிதம் ரக்ஷிதாவே வாங்கி வந்திருந்தாள். டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேப்பர் சரியாத்தான் இருக்கு. நீங்க இன்னொரு தடவ யோசிங்க, அம்சவேணி" என்றார்.

முதலில் நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு இவர், என் முகத்தைப் பார்க்காமல். அஃபிடவிட் வேலை அப்புறமாம். பேப்பரை முடிக்காமல் எதையும் கைமாற்றாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தரணிக்கு எப்போது கரு வைப்பீர்கள் என்று கேட்டால், "அடுத்த மாசம்" என்கிறாள் ரக்ஷிதா. போன மாசமும் இதையேதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அஃபிடவிட் டிராஃப்ட் அனுப்பியிருந்தாள். என் கையாலேயே அடிக்க உட்கார்ந்தேன். ஆறாவது பத்தியில் எங்கள் பெயர் இல்லை. "மேற்படி புத்தூர் ஜெகநாதன், கன்னிகா தம்பதியர்" என்று இருந்தது. பழைய டிராஃப்டில் பெயரை மாற்றும்போது ஓரிடம் விட்டுப்போகும். எல்லா டைப்பிஸ்டும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அதே தரணி, அதே ஆதார் எண். அந்த டிராஃப்டில் அவள் கன்னிகாவின் பெரியம்மா மகளா?

தேநீரைக் கீபோர்டில் கொட்டிவிட்டேன். நோட்டரி வேதாச்சலம் சார் திட்டினார். காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

புத்தூர் பத்திர எழுத்தரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கன்னிகா என்னைவிடச் சின்னவள். தரணியின் போட்டோவைக் காட்டியதும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்கதாங்கா. மூணாவது மாசம் கலைஞ்சிடுச்சின்னாங்க. ஸ்கேன் ரிப்போர்ட்டு காட்னாங்க. மீதி கரு எங்கன்னு கேட்டுக்கினே கீறேன், போனே எடுக்கல." பிறகு கேட்டாள்: "நீங்களும் குடுத்துட்டீங்களா?"

பையிலிருந்து டிராஃப்டை எடுத்து ஆறாவது பத்தியைக் காட்டினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அலிபிரி ரோடு ஆபீஸில் பூட்டு. வாட்ச்மேன் நாகையா, "விநாயக சவிதிக்கு ரெண்டு நாள் முன்னாலயே காலி பண்ணிட்டாங்கம்மா" என்றார். உள்ளே இருந்த பெட்டிகள்? அந்தக் கேன்? லாரியில் ஏற்றினார்களாம். சிலதைக் குப்பையில் போட்டார்களாம்.

குப்பையில்.

ஆகஸ்ட் 29

நாந்தான். வேற யாரும் இல்ல. அந்த மனுஷன் பயமா கீதுன்னு சொன்னாரே... டாக்டரம்மா யோசின்னு சொன்னாங்களே... பெரிய பேப்பர் பாக்கறவளாம்! என் புள்ளைங்கள நானே துன்னுட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

அனுமதிக் கடிதம் போலி. டாக்டரம்மா விசாரித்துச் சொன்னார், தானும் வந்து சாட்சி சொல்வதாகச் சொன்னார். எனக்குத்தான் போலீஸுக்குப் போகக் கால் வரவில்லை. பொய்ச் சத்தியத்துக்கு ஒத்துக்கொண்டவள், என்ன முகத்தோடு போவேன்?

இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. "திட்டித் தொலையேன்யா!" என்று கத்தினேன். இத்தனை வருஷத்தில் ஒருமையில் பேசியதே இல்லை. சோற்றைப் பிசைந்து என் பக்கம் தள்ளினார். "துன்னு முதல்ல. திங்கக்கிழமை போலாம். எல்லாத்தையும் சொல்லிடலாம், நாம செஞ்சதையும் சேத்து."

செப்டம்பர் 8, திங்கள். திருப்பதி

கன்னிகாவும் ஜெகநாதனும் வந்திருந்தார்கள். ஸ்டேஷன் ரைட்டர் தெலுங்கில் கேட்டுக்கேட்டு எழுதினார். பெயர், தேதி, இடம் எல்லாம் நானே சொன்னேன். அஃபிடவிட் விஷயத்தையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு, பணம் தவிரப் பறிபோன பொருள் என்ன, அதன் விலை என்ன என்று கேட்டார். கரு என்று சொல்வதா? சாம்பிள் என்று சொல்வதா?

மோகன்ராஜ்தான் சொன்னார். இந்த இரண்டு வருஷமும் 'அது' 'அது' என்றே பேசிவந்த மனிதர்.

"எங்க புள்ளைங்க சார். ரெண்டு பேரு."

தமிழில்தான் சொன்னார். ரைட்டருக்குப் புரிந்தது. அப்படியே எழுதிக்கொண்டு, விலைக்கான கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, கையெழுத்துக்குப் பேனாவை என்னிடம் நீட்டினார்.