கணக்கில் வராத கைகள்

கந்தப்பளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுதர்ஷினிக்கு,

முருகன் துணையில் நானும் அப்பாவும் கடையும் நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு மழை முனகுகிறது. நீயும் மருமகனும் அந்த ஊர்க் குளிரில் சுகமாக இருக்க வேண்டும், இராத்திரியில் சோறு ஆக்கச் சோம்பல்பட்டு பிஸ்கட் தின்று படுக்காதே. போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து விளக்கம் கொடுப்பாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை வாசி.

வீட்டில் புழங்கும் சாமான்களின் இரசாயனம் சனங்களின் உடம்பில் எவ்வளவு சேருகிறது என்று கணக்கெடுக்க உன் கம்பெனி கொழும்பிலிருந்து அனுப்பிய இரண்டு பேரும் போன மாதம் வந்தார்கள். உன் முகத்துக்காகக் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு நானே தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகக் கூட்டிப்போனேன். வந்தவனுக்குச் சப்பாத்தில் சேறு படாமல் நடப்பதே பெரிய வேலை. முதலில் இராசம்மா அக்கா வீடு. ஒரு வாளித் தண்ணீருக்குக் குளோரின் எத்தனை மூடி ஊற்றுவீர்கள் என்று கூட வந்தவள் கேட்டாள். "மூடியா? அது வாங்குன அன்னைக்கே தொலஞ்சிருச்சுங்க, துணியத்தான் அடைச்சு வச்சிருக்கேன்" என்றது அக்கா. கழுவும்போது ஜன்னலைத் திறந்து வைப்பீர்களா என்று அடுத்த கேள்வி. "தொறந்தா மேகம் உள்ள வந்து எங்க பாய்லயே படுத்துக்குங்க, அப்புறம் நாங்க எங்க படுக்கிறது" என்று அக்கா சொல்ல, அந்தப் பிள்ளை சிரிக்காமல் 'சில வேளைகளில் திறப்பார்' என்று கையிலிருந்த டெப் திரையில் தட்டியது. போத்தலில் எழுதியிருப்பதை வாசிப்பீர்களா என்றும் கேட்டார்கள். என் கடையில் குளோரின் பெரிய கேனில் வருகிறது, அவரவர் கொண்டுவரும் சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கிறேன், அதில் எதை வாசிப்பது? இப்படியே அந்த வரிசை முழுக்கக் கேட்டுவிட்டு, என் கடைப் பிளேன்டீயைக் குடித்து வடையும் தின்றுவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் ஒருத்தியின் கையையும் பார்க்கவில்லை.

தேயிலைக் கொழுந்து பறிக்கிற கை கறையில் எப்படிக் கறுத்திருக்கும், கல்யாணம் திருவிழா வந்தால் அதைக் குளோரினில் ஊறவைத்துத்தான் போக்குவார்கள் என்பது உனக்குத் தெரியும், நீ இங்கே பிறந்தவள்தானே. கொழுந்து பறிக்கிற உன் மாமா மகள் நாகலெட்சுமிக்குப் போன கிழமை நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா, கொழும்புப் பக்கத்து வத்தளைக்காரி, வளையல் போடப் பிள்ளையின் கையைப் பிடித்தவள் சட்டென்று விட்டுவிட்டு, "கல்யாணப் போட்டோவுக்கு முன்னால இத ஏதாவது பண்ணுங்கம்மா" என்றாள். நாளெல்லாம் தேத்தண்ணி குடிக்கிற வாய்தான் அது. எல்லாரும் போன பிறகு இந்தப் பைத்தியக்காரப் பிள்ளை குளோரினும், கறை சீக்கிரம் போகட்டும் என்று கக்கூஸ் கழுவும் அசிட் தண்ணியும் ஒரே பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி, அப்பன் பார்த்தால் ஏசுவார் என்று கதவையும் சாத்திக்கொண்டு கையை விட்டிருக்கிறது. இரண்டும் கலந்தால் வரும் புகை ஆளைக் கொல்லும் என்று அதற்கு யார் சொன்னது? இருமல் கேட்டு உன் மாமா கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஒட்சிசன் வைத்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது, கை இரண்டும் தோல் உரிந்து கிடக்கிறது. தையில் கல்யாணம்.

இதை அந்தக் கொழும்பு மேதாவிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அது தவறான பாவனை அன்ட்டி, எங்கட மதிப்பீட்டுக்குள்ள வராது" என்றான். அவனாவது சம்பளத்துக்குப் பேசுகிறான், உன்னிடம் சொன்னபோது நீயும் அதையே படித்த தமிழில் சொன்னாய். மூடியால் அளந்து, ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு தரை துடைக்கிற அந்தப் பெண்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறாள், எனக்கு ஒருதரம் காட்டு. இல்லாத ஒருத்திக்குக் கணக்குப் போட்டு, ஆபத்தில்லை என்று இருக்கிறவளிடம் விற்கிறீர்கள். நானும் விற்கிறவள்தான், அந்த இரண்டு போத்தலும் என் கையால் ஊற்றிக் கொடுத்தவை, அதை மறைக்கவில்லை. ஆனால் இப்போது எதுக்கு என்று கேட்காமல் ஊற்றுவதில்லை, இரண்டையும் ஒருத்திக்கே கொடுப்பதும் இல்லை. "போலீஸ்காரி மாதிரி கேக்குறீங்களே" என்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அரிச்சுவடி தெரியாமல் யாவாரம் தொடங்கிய எனக்கு இது செய்ய முடிகிறது, அத்தனை படித்த உங்களால் ஒரு கேள்வி கூட்ட முடியவில்லையா? இதைக் கையில் போடுவீர்களா, வேறு எதனோடாவது கலப்பீர்களா, அவ்வளவுதான். உன் அறிக்கை போகுமுன் அதைச் சேர்த்து, மறுபடி ஆள் அனுப்பு. வேறு ஆளாக அனுப்பு. உன் கம்பெனிப் பெரியவர்கள் மறுத்தால் அந்த அறிக்கையில் உன் பெயர் இருக்க வேண்டாம்.

வத்தளைக்காரி நேற்று பழக்கூடையோடு வந்தாள். "அத்த, இப்ப கறை போயிருச்சு, பாக்குறீங்களா" என்று நாகலெட்சுமி கையில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்துக் காட்டியது. அவள் பழத்தை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

மீனாட்சி தாயார் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். ஒன்று மறக்காதே: நாகலெட்சுமிக்கு வளையல் அனுப்ப அளவு கேட்டிருந்தாய். இப்போது அளக்க முடியாது, வீக்கம் வடியட்டும்.

உன்னை என்றும் நினைக்கும் அம்மா,
பூரணி.