ஒரு படி குறைகிற அலை

என் மாப்ள சின்ராசுவுக்கு,

நம் ஆய்வகத்தில் நீ குளிரவைத்துவிட்டுப் போன மின்னணுச் சில்லை நான் இன்னும் வெளியே எடுக்கவில்லை. திட்டாதே. நாற்பது நாளாகத் திரவ ஹீலியத்தை ஊற்றி ஊற்றி அப்படியே வைத்திருக்கிறேன்.

லீவுக்கு ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில் அதைச் சர்ரென்று ஹீலியத்துக்குள் இறக்கிவிட்டாய். மெதுவாக இறக்கு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? கேட்கிற ஆளா நீ! கொல்லிமலைப் பாதையிலும் பைக்கை அப்படித்தான் விட்டிருப்பாய். மறுநாள் கொண்டை ஊசி வளைவுக்குக் கீழேயிருந்து உன்னைத் தூக்கினார்கள்.

உன் காரியம் முடிந்து வந்து கருவியை ஓடவிட்டேன். சில்லிலுள்ள ஆயிரக்கணக்கான, கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்திச் சந்திகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, படிப்படியாய் ஏறி இறங்கும் துல்லியமான மாறுமின்னழுத்த அலையைத் தரவேண்டும். அலை திரையில் வந்தது. ஒரு படியை மட்டும் காணோம்.

ஏனென்று உனக்குத் தெரியும். நீ இறக்கியபோது துளிக் காந்தப்புலம் உள்ளே மாட்டிக்கொண்டது. அதைச் சுற்றி ஒரு மின்னோட்டம் தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் படிக்கான சந்திக் கூட்டத்தை அதுதான் முடக்கிவைத்திருக்கிறது. குளிர் உள்ளவரை நிற்காது. சில்லை மேலே தூக்கிக் கொஞ்சம் சூடேற விட்டால் போய்விடும். அரை மணி நேர வேலை.

ஆனால் அது உன் கை தொடங்கிவைத்த ஓட்டம், மாப்ள. நீ தொடங்கியதில் இன்னும் நிற்காதது அது ஒன்றுதான். எப்படித் தூக்குவேன்? துறைத் தலைவரிடம் ஒயரில் கோளாறு என்று பொய் சொல்லிவருகிறேன்.

போன ஞாயிறு கொல்லிமலை மேலே வாழவந்தி நாட்டுக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். அத்தை மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். கருவியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"கண்ணு, அவன் தெனமும் கனவுல வாரான். வாசப்படியிலயே நிக்கிறான். இன்னும் ஒரு படி ஏறுனா ஊடு. ஏறவே மாட்டேங்கறான்."

"ஏன்னு கேட்டீங்களா அத்தை?"

"கேட்டேன் சாமி. 'பொன்னுசாமி உட மாட்டேங்கறாம்மா'ங்கறான். நீ என்ன பண்ணி வெச்சிருக்கே?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காந்தம் அத்தைக்குப் புரியவில்லை. பிடித்துவைத்திருப்பது புரிந்தது.

"பெத்தவ நானே உட்டுட்டேன். உனக்கென்னடா? உட்டுரு சாமி."

வரும் திங்கட்கிழமை சில்லை மேலே தூக்கிவிடுகிறேன். இது சத்தியம். தலைவர் திட்டுவார், வாங்கிக்கொள்கிறேன். எனக்குப் பயமாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது. அது சூடேறும்போது உன் குரல் கேட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்?

இழவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. நீயும் 'வாரேன்' என்று சொல்லாதே, மாப்ள. சொல்லாமலே போய்விடு.

இவ்வளவு நாள் உன்னை விடாமல் வைத்திருந்த
உன் மாமன் மகன்,
பொன்னுசாமி