“மகளே” என்று எழுதிய பலகை

அன்புள்ள டெரில்,

இங்கே நானும் நாயும் சுகம். சியாட்டிலில் நீயும் கொரினும் சுகமா என்று கேட்கவே கை கூசுகிறது. நேற்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாதுடா. கல்யாணம் முடிந்து முதல்முதலாக நம் வீட்டுக்கு வந்த உன் மனைவி கேட்டிலேயே முகம் வாடி, மறுநாளே வேலை இருக்கிறதென்று உன்னையும் கிளப்பிக்கொண்டு போனாளே, அயோவாவின் பன்றிப் பண்ணை வாடை பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நேற்று சோளம் வாங்க வந்த பக்கத்துப் பண்ணைக்காரி டாட்டி, ஏன்யா ஆர்லோ, அந்தப் பொண்ணு கேட்டுல நின்னு கண்ணத் தொடச்சத நானே பாத்தேன், இன்னும் அந்தப் பலகையக் கழட்டலையா என்றாள். வருக, எங்கள் “மகளே” என்றுதானே எழுதினேன், அதில் என்ன என்றேன். ஒரு சொல்லுக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டா, பேருக்குத்தான் மகள், மனசுல இல்லன்னு அர்த்தம்யா, நக்கலுக்குத்தான் அப்படிப் போடுவாங்க என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்குத்தான் அந்தக் குறி என்று என் அப்பா காலத்திலிருந்து எழுதி வருகிறோம். நீயும் அந்தப் பலகைகளுக்கு நடுவே வளர்ந்தவன், உன் கண்ணிலும் பட்டிருக்காது. நம் சாலையோரக் கடையில் “புத்தம்புதிய” சோளம் என்று இருக்கிறதே, வண்டியை நிறுத்திப் படம் எடுத்தவர்களெல்லாம் என் கையெழுத்து அழகுக்குத்தான் எடுக்கிறார்கள் என்று இருந்தேன்.

அப்புறம் உன் அம்மா ஞாபகம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கல்லறைக்கு ஓடினேன். கல்லில் அப்படியே இருக்கிறது: மேவிஸ், “அன்பு” மனைவி. கல் செதுக்குகிறவர் அன்றைக்கே, இந்தக் குறி வேணுமான்னு நல்லா யோசிச்சுக்கங்க என்று கேட்டார், நான்தான் ஆழமாகச் செதுக்கச் சொல்லி அவரிடம் கோபித்துக்கொண்டேன். இத்தனை நாள் ஊரே அதைப் படித்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்துக் குட்மார்னிங் சொல்லியிருக்கிறது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்து நேரே கல் செதுக்குகிறவரிடம் போய்க் கேட்டேன். தேய்த்து எடுத்துவிடலாமாம், நாளைக்கே வருகிறேன் என்றார். பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். கேட்டுப் பலகையைக் கழற்றி அடுப்பில் போட்டாயிற்று, ஆனால் கல்லை இப்போது தொடமாட்டேன். நவம்பரில் நன்றி சொல்லும் பண்டிகைக்கு எப்படியாவது கொரினை அழைத்து வா. நான் சொல்வதை அவள் நம்ப வேண்டாம், உன் அம்மாவின் கல்லை வந்து பார்க்கட்டும். அந்தக் குறியை நான் யாருக்குப் போடுகிறவன் என்று அவளுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு தேய்க்கலாம்.

மலைப் பாதையில் பனி இருக்கும், நல்ல டயர் போட்டுக்கொண்டு வாருங்கள். ரெண்டு பேரும் மனம் ஒத்து நன்றாக இருங்கள்.

உங்கள் இருவருக்கும் அப்பா,
ஆர்லோ