முதல் நாள் தாள்

அன்புள்ள பிசியோ அக்காவுக்கு,

அடி பட்ட அன்று மைதானத்துச் சாமான் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முழங்காலில் தாளை வைத்துக்கொண்டு நீங்கள். மடக்கு நாற்காலியில் என் மகள். கதவை அடைத்துக்கொண்டு கோச். ஐஸ் பையோடு அணித் தலைவி. பந்து மூட்டைக்குப் பக்கத்தில் நான். கிளப்பின் விசாரணைக் கடிதத்தில் நான்கு பேர் என்று போட்டிருக்கிறார்கள். என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான் எழுதுகிறேன்.

வயதில் நீங்கள் எனக்குத் தங்கை. மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அக்காவாகிவிட்டீர்கள். வேலை போய் வேறு ஊருக்கு வந்திருக்கிறீர்கள் என்று அணித் தலைவிதான் சொல்லி, இந்த முகவரியையும் கொடுத்தாள். உங்கள் உடம்பும் மனமும் நன்றாக இருக்க வேண்டும் என்று மாலைப் பிரார்த்தனையில் தினமும் கேட்கிறேன். கேட்க எனக்கு வாய் உண்டா என்பது வேறு விஷயம்.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. நடக்கிறாள், சுவரைத் தொட்டுக்கொண்டு. வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை, ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருக்கிறோம். கோடு போட்ட நோட்டில் எல்லாம் எழுதி வருகிறேன்: தூங்கிய நேரம், வாந்தி, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டது எத்தனை தடவை என்று. நேற்றுப் பதினான்கு. முந்தாநாள் பதினொன்று. குறையும் என்று பார்த்தால் ஏறுகிறது. அவளுடைய அப்பா ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போவதைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அவளுக்கு நகம் வெட்டி விடுவது அவர்தான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் சீசன் தொடங்கும் முன் எல்லாப் பிள்ளைகளுக்கும் தலைச் சோதனை வைத்தீர்கள். ஐந்து வார்த்தை சொல்வீர்கள். திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பிறகு மறுபடி அந்த ஐந்து வார்த்தை. என் மகள் மூன்றுதான் சொன்னாள். கோச் எட்டிப் பார்த்து, “என்னம்மா, மண்டைக்குள்ள களிமண்ணா?” என்று சிரித்தார். அவள் அழுதுகொண்டே வெளியே வந்தாள். நீங்கள் பின்னாலேயே வந்து, “பயத்துல சொதப்பிட்டே, விடு. அடுத்த வாரம் இன்னொரு தடவை பாத்துக்கலாம்” என்று அந்தத் தாளை மடித்து உங்கள் பைக்குள் வைத்தீர்கள்.

நான் அதைப் பரீட்சை என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்கு மேல் கற்றதெல்லாம் சாமான் கட்டி வந்த காகிதத்தில் படித்தது. மனப்பாடம் செய்தால் தேறலாம் என்பது ஒன்றுதான் படிப்பைப் பற்றி எனக்குத் தெரியும். அடி படுவதற்கு முன்பு மூளை எப்படி இருந்தது என்று அளந்து வைக்கும் காரியம் அது, அதில் தேறுவதும் தோற்பதும் கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிள்ளைகளோடு ஒரே வேனில் வருவேன் அல்லவா? ஒவ்வொருத்தியிடமும் உனக்கு என்ன வார்த்தை வந்தது என்று பேச்சுக் கொடுத்து வாங்கினேன். உங்களிடம் இருந்தது மொத்தம் மூன்று பட்டியல்தான் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததில் எவ்வளவு பெருமை தெரியுமா? பதினைந்து வார்த்தையும் நோட்டில் ஏறின. பிரார்த்தனை முடிந்ததும் அவளை உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்வேன். பால் பொங்குவதற்குள் மாதங்களைத் திருப்பிச் சொல்லிவிட வேண்டும். அடுப்பங்கரையில் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால், “கொக்கு ரெடிம்மா, மீன் எங்கே?” என்பாள். “நீ இருக்கியே, சாமிக்கே பரீட்சை வைப்பே” என்பாள். ஆனாலும் செய்வாள். அம்மா சொன்னால் செய்கிற பிள்ளை.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். அந்தத் தாளைத்தான் நீங்கள் கோப்பில் வைத்தீர்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. வருடம் முழுவதும், ஒரு மாலை தவறாமல்.

அந்த மேட்சில் எதிர் அணிப் பெண்ணின் முழங்கால் இவள் நெற்றிப் பொட்டில் பட்டது. நீங்கள் அறைக்குக் கூட்டி வந்து கேட்டீர்கள். குடை, ஊசி, பாலம், உப்பு, குருவி. தண்ணீர் மாதிரி சொன்னாள். மாதங்களும் அப்படியே. நீங்கள் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “மார்க் சரியா இருக்கு, முகம் சரியில்ல. ரெண்டு வாரம் உக்காரட்டும்” என்றீர்கள். கோச்தான், “உங்க பேப்பரை நீங்களே நம்பலைன்னா எப்படிங்க?” என்று பிடித்துக்கொண்டார்.

அப்போது என் பக்கம் திரும்பிக் கேட்டீர்கள்: “அம்மா, நீங்க சொல்லுங்க. ஏதாவது வித்தியாசமா தெரியுதா?”

தெரிந்தது அக்கா. நீங்கள் தாளைத் தேடி எடுத்த நேரத்தில் அவள் என்னிடம், “நீ எப்ப வந்தே?” என்று கேட்டிருந்தாள். காலையில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள். ஆனால் பதினைந்து வார்த்தையில் ஒன்றுகூடத் தவறாதவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். எங்கள் பாடம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை. ஒன்றுமில்லை என்றேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

ஒன்பதாம் நாள் பயிற்சியில் ஒரு சின்ன மோதல். அடி என்றே சொல்ல முடியாதாம். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

நாங்கள் எதையும் மறைக்கவில்லை என்று அவளுடைய அப்பா எழுதிய தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். தப்பு உங்களுடையது என்றால் வைத்தியத்தை கிளப் பார்த்துக்கொள்ளுமாம். நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளின் போர்வையை இழுத்து விட்டார். பிறகு, “இதை நீ சாமிகிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்” என்றார். சாமிக்கு முன்பே தெரியும். தெரிய வேண்டியவர் நீங்கள்தான். வரும் வியாழக்கிழமை விசாரணையில் நடந்ததைச் சொல்லிவிடுவேன். அங்கே சொல்லப் போவதை எழுதிய தாளின் நகல் இத்துடன் இருக்கிறது. அதற்குப் பிறகு இவள் வைத்தியம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது பார்க்கும் பெரிய டாக்டர், அடி படுவதற்கு முன் இவள் எப்படி இருந்தாள், எவ்வளவு ஞாபகம் இருந்தது என்று கேட்கிறார். அது தெரிந்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது, எதைத் திரும்ப எதிர்பார்க்கலாம் என்று சொல்ல முடியுமாம். கோப்பில் இருப்பது நான் சொல்லிக் கொடுத்தது. அதில் என் மகள் இல்லை. பெற்றவளிடமும் அவளைப் பற்றி உண்மையான கணக்கு இல்லாமல் போய்விட்டது.

நேற்று மாலை பிரார்த்தனை முடிந்ததும் நான் கேட்காமலே ஆரம்பித்தாள். குடை, ஊசி, பாலம், உப்பு, குருவி. மூன்று பட்டியலும், ஒன்று விடாமல். சாப்பிட்டது நினைவில்லை, அப்பா வந்து போனது நினைவில்லை. இது மட்டும் இருக்கிறது. முடித்துவிட்டு, நான் எப்போதும் சொல்கிற சபாஷுக்காக என் முகத்தைப் பார்த்தாள். சொன்னேன். சிரித்தாள். பிறகு, “நீ எப்பம்மா வந்தே?” என்றாள்.

அக்கா, நீங்கள் மடித்துப் பையில் வைத்த அந்த முதல் நாள் தாள், ஐந்துக்கு மூன்று சொன்ன தாள், இன்னும் உங்களிடம் இருக்கிறதா? அது ஒன்றில்தான் என் பிள்ளை அவளாகவே இருக்கிறாள். இருந்தால் அனுப்புங்கள். கிழித்துப் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். என்னைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். கடவுள் உங்களுக்கு நல்ல வழி காட்டட்டும். பதில் மட்டும் சீக்கிரம் போடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா