யாழினி நின்ற வரிசை

ஐப்பசி, செவ்வாய் இரவு.

பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல்தான் மகள் யாழினிக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறேன். இன்று மாமல்லபுரம் கூட்டிப்போனேன். அர்ஜுனன் தபசைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். அங்கே ஏதோ பள்ளிப் பிள்ளைகள் கலர் டிரஸ்ஸில் சுற்றுலா வந்திருந்தார்கள். நான் தண்ணீர் பிடித்துத் திரும்புவதற்குள் இவள் அவர்கள் வரிசையில் கடைசியாக நின்றிருந்தாள்.

"நீ எந்த செக்‌ஷன்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஃபோர்த் பி, மிஸ்."

ஓடிப்போய், "என் பொண்ணுங்க, தெரியாம வந்துட்டா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

பஸ்ஸில் அவள் அழவில்லை. "அந்த மிஸ் கொஞ்ச நேரம் நம்பிட்டாங்கம்மா" என்றாள்.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர், "இன்னிக்கு இன்னா படிச்சா?" என்றார். சிற்பம் பார்த்தோம் என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?